டோல்கியன் யார்கிட்ட வாங்கினார்? – ஒரு நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி, மதுரையில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. படிக்கிறேன். "அண்ணா, நான் ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிக்கிட்டு இருக்கேன். படிச்சுப் பார்த்த ஃப்ரெண்ட் ஒருத்தி, இது அங்க இருந்து வந்தது, அது இங்க இருந்து வந்ததுன்னு சொல்லிட்டா. டோல்கியன் மாதிரி எல்லாத்தையும் சொந்தமா உருவாக்கினாத்தானே எழுத்தாளர்? யாரோட பாதிப்புன்னு முன்னுரையில ஒத்துக்கிட்டா நம்ம மதிப்பு குறைஞ்சிடாதா?"

நல்ல கேள்விம்மா. முதல்ல, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதின இங்கிலாந்து எழுத்தாளர் டோல்கியன் எல்லாத்தையும் சொந்தமா உருவாக்கினார்னு சொல்றீங்க இல்லையா, அவரே அப்படிச் சொல்லிக்கிட்டது கிடையாது.

அவரோட 'ஹாபிட்' நாவல்ல 13 குள்ளர்கள் வருவாங்க. பாலின் ஒருத்தரை விட்டுட்டா, மத்த 12 பேர் பேரும் 'வோலுஸ்பா'ன்னு ஒரு பழைய நார்ஸ் பாட்டுல, அதாவது ஸ்காண்டிநேவியாவோட பழைய மொழிப் பாட்டுல இருக்கு. தோரின், ஃபீலி, கீலி, எல்லாரும் அங்க ஏற்கெனவே இருக்காங்க. குள்ளர்களோட பேரை அங்க இருந்துதான் எடுத்தேன்னு அவரே கடிதத்துல எழுதியிருக்கார். அந்தப் பட்டியல்லயே 'காண்டால்ஃப்'னு ஒரு பேரும் இருக்கு. முதல் கையெழுத்துப் பிரதியில அது குள்ளர் தலைவனோட பேரு. மந்திரவாதிக்குப் பேரு பிளாடோர்தின். பிறகுதான் காண்டால்ஃப்ங்கிற பேரை மந்திரவாதிக்கு மாத்தினார். அந்தப் பேரைப் பிரிச்சுப் பார்த்தா கோல் வச்சிருக்கிற எல்ஃப்னு அர்த்தம் வரும். கோலும் கையுமா இருக்கிறவனுக்குக் குள்ளர் கூட்டத்துல என்ன வேலை? பேரு போய்ச் சேர வேண்டிய ஆள்கிட்டப் போய்ச் சேர்ந்திடுச்சு.

சரி, பேரு சின்ன விஷயம்னு வச்சுக்கோங்க. கதையையே வாங்கியிருக்கார். அதைக் கொஞ்சம் பொறுமையா சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

ஃபின்லாந்துல 'கலேவலா'ன்னு ஒரு காவியம். எலியாஸ் லோன்ரோட்னு ஒரு டாக்டர், ஊர் ஊரா நடந்து, நாட்டுப்புறப் பாடகர்கள் பாடினதைக் கேட்டு எழுதித் தொகுத்தது. 1835ல ஒரு தடவை, பெருசாக்கி 1849ல இன்னொரு தடவை வந்தது. அதுல குல்லெர்வோன்னு ஒருத்தன். பொறந்ததுல இருந்து துரதிர்ஷ்டம். தங்கச்சின்னு தெரியாமலே தங்கச்சியோட சேர்ந்துடறான். உண்மை தெரிஞ்சதும் அவ ஆத்துல விழுந்து செத்துப் போறா. கடைசியில இவன் தன் வாள்கிட்டயே கேட்கிறான், என் ரத்தத்தைக் குடிப்பியான்னு. வாள் பதில் சொல்லுது: குத்தமே இல்லாதவங்க ரத்தத்தையே குடிச்சவன் நான், உன் ரத்தத்தை ஏன் குடிக்க மாட்டேன்? அவ்வளவுதான், அந்த வாள் மேலயே விழுந்து சாகறான்.

1914ல, 22 வயசுல, டோல்கியன் இந்தக் கதையை எடுத்துத் தன் பாணியில எழுத ஆரம்பிச்சார். முடிக்கல. ஆனா தன்னோட புராண உலகத்துக்கே விதை அதுதான்னு பின்னாடி ஒரு கடிதத்துல ஒத்துக்கிட்டார். குல்லெர்வோதான் அவர் கையில, 'சில்மரில்லியன்' புத்தகத்துல வர்ற டூரின் ஆனான். டூரினும் தங்கச்சின்னு தெரியாமலே கல்யாணம் பண்றான், அவளும் ஆத்துல குதிக்கிறா, இவனும் கடைசியில வாள்கிட்டக் கேட்கிறான். இங்கயும் வாள் பேசுது. ஆனா என்ன சொல்லுது? சந்தோஷமா குடிக்கிறேன், அப்பத்தான் பெலெக்கோட ரத்தத்தை நான் மறக்க முடியும்னு சொல்லுது. பெலெக் யாரு? டூரினோட உயிர் நண்பன். கட்டிப் போட்டிருந்த டூரினைக் காப்பாத்த வந்தவனை, இருட்டுல எதிரின்னு நினைச்சு, அதே வாளால டூரின் கொன்னுட்டான். அது பெலெக்கோட சொந்த வாள். தன் எஜமானன் ரத்தத்தை இத்தனை வருஷமா அந்த இரும்பு மறக்கல!

பார்த்தீங்களா? ஃபின்லாந்து வாளுக்கு யார் ரத்தமா இருந்தாலும் ஒண்ணுதான். டோல்கியனோட வாளுக்குத் துக்கம் இருக்கு. காட்சி அதே காட்சிதான், அந்தத் துக்கம் மட்டும் அவரோடது. மூலத்தைப் படிச்சவங்களுக்குத்தான் அவர் எந்த இடத்துல கை வச்சார்னு தெரியும். அதனால மூலத்தைச் சொல்றதால அவர் மதிப்பு ஏறுதே தவிர குறையல.

இன்னொண்ணு. முதல் உலகப் போர்ல, 1916ல, பிரான்ஸ்ல சோம் போர்க்களத்துல இருந்தவர் டோல்கியன். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'ல வர்ற, பிணங்கள் மிதக்கிற அந்தச் சதுப்பு நிலம் போர் அனுபவம்தானேன்னு நாம நினைப்போம். அதுவும் கொஞ்சம் இருக்கு, ஆனா தனக்கு முந்தின தலைமுறை எழுத்தாளர் வில்லியம் மோரிஸ் கதைகளுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்குன்னு 1960ல எழுதறார். எல்லா நேரமும் இப்படி இல்ல. ஜெர்மன் இசைமேதை வாக்னரோட மோதிரக் கதை ஓபராவையும் இவரோட மோதிரக் கதையையும் யாராவது ஒப்பிட்டா கோவம் வந்துடும். ரெண்டு மோதிரமும் வட்டம், ஒற்றுமை அதோட சரின்னு சொல்லிட்டார். அந்த இடத்துல அவர் கொஞ்சம் கறாரா இருந்துட்டார்னுதான் எனக்குத் தோணுது. ரெண்டு பேரும் தண்ணி மொண்ட கிணறு ஒண்ணுதான், அந்தப் பழைய நார்ஸ் கதைகள்.

டோல்கியனோட நண்பர், 'நார்னியா' கதைகள் எழுதின சி. எஸ். லூயிஸ் இன்னும் ஒரு படி மேல போனவர். 1916ல, பதினேழு வயசுப் பையன், ஒரு ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜார்ஜ் மெக்டொனால்டோட 'ஃபேன்டஸ்டெஸ்' நாவலை வாங்கறார். வாழ்க்கையே மாறிப்போச்சு. பிறகு தான் பேர் வாங்கினதும், என் புத்தகங்களைக் கொண்டாடறீங்க, என் குருவை யாரும் கவனிக்கலையேன்னு 1946ல மெக்டொனால்டோட எழுத்துல இருந்து 365 பகுதிகள் எடுத்துத் தொகுத்தார். முன்னுரையில, அவரை மேற்கோள் காட்டாம நான் ஒரு புத்தகமும் எழுதினதா நினைவில்லைங்கறார். அதே முன்னுரையில, சொல்லை ஆளற திறமைன்னு பார்த்தா என் குரு முதல் வரிசை இல்ல, ஆனா புராணம் படைக்கறதுல அவரை மிஞ்ச ஆள் இல்லைன்னும் சொல்றார். குருவோட குறையை மறைக்காம அவர் பெருமையைச் சொல்றதைப் படிக்கிறப்ப எனக்குக் கண்ணு கலங்கிடும்.

அதனால முன்னுரையில எழுதுங்கம்மா. 'பலரோட பாதிப்பு உண்டு'ன்னு பொத்தாம் பொதுவா வேண்டாம். எந்தக் காட்சி, யார்கிட்ட இருந்து, நீங்க எதை மாத்தினீங்கன்னு சொல்லுங்க. 'எதை மாத்தினேன்'ங்கறதுக்குப் பதில் வரலைன்னா, அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுங்க. அதுக்கு முன்னாடி, குல்லெர்வோ சாகற கலேவலாவோட 36வது பாடலையும், டூரின் சாகற பக்கத்தையும் ஒரே நாள்ல அடுத்தடுத்துப் படிச்சுடுங்க.

சரி, அடுத்த கேள்வி.