பாட்டியை மனம் மாற்றியது யார்?

நடுவர் அவர்களே, சபையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

வறுமையையும் வீட்டில் நேர்ந்த இழப்பையும் தாண்டி ஒரு பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கிறது என்றால் அதற்குப் பெரிதும் காரணம் அதன் மன உறுதியா, சுற்றி இருப்பவர்கள் துணையா என்று கேட்டிருக்கிறீர்கள். துணைதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஆல்பெர் காம்யு என்ற பிரெஞ்சு எழுத்தாளரைக் காட்டி, "தகப்பன் இல்லாத ஏழைப் பையன் நோபல் பரிசு வரை போனான், உறுதி ஒன்று போதாதா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். கைதட்டலை அவரே வைத்துக்கொள்ளட்டும். காம்யுவை மட்டும் என் அணிக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

அவர் 1913-இல் அல்ஜீரியாவில் பிறந்தவர். அடுத்த வருடமே தகப்பனார் போரில் பட்ட காயத்தால் இறந்துபோனார். தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, காதும் சரியாகக் கேட்காது. வீட்டு வேலை செய்து பிழைத்தார். வீட்டில் பாட்டி வைத்ததுதான் சட்டம். தொடக்கப் பள்ளியோடு போதும், பையன் நாலு காசு சம்பாதிக்கட்டும் என்பது அந்தப் பாட்டியின் எண்ணம். பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன், குடும்பம் நடக்க வேண்டுமே. அப்போது லூயி ஜெர்மேன் என்ற ஆசிரியர் வீடு தேடி வந்து பாட்டியிடம் பேசினார். உதவித்தொகைத் தேர்வுக்குக் காசு வாங்காமல் பையனைத் தயார் செய்தார். 1924-இல் பையன் இடைநிலைக் கல்விக்குள் நுழைந்தான். 1930-இல் காசநோய் வந்து படிப்பு தடைபட்டபோது ஓர் உறவினர் வீட்டில் வைத்துப் பராமரித்தார். 1957-இல் நோபல் பரிசு அறிவித்ததும், தாய்க்கு அடுத்தபடியாகத் தன் நினைவுக்கு வந்தது நீங்கள்தான் என்று அந்த ஆசிரியருக்கே கடிதம் எழுதினார் காம்யு. பரிசு வாங்கியவரே துணையைச் சொல்கிறார். நண்பருக்கு மட்டும் உறுதிதான் தெரிகிறது!

உறுதியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் உறுதிக்குக் காமராசரைவிட ஆள் உண்டா? சின்ன வயதிலேயே தந்தையை இழந்தார். ஆறாம் வகுப்போடு பள்ளி நின்றது. ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தும் அசையாத மனிதர். அந்த உறுதி அவரைப் பள்ளியில் உட்கார வைக்கவில்லையே, ஏன்? அதற்கு விடை தெரிந்தவர் என்பதால்தான் முதலமைச்சராக வந்த பிறகு பிள்ளைகளைப் பார்த்து "மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. பள்ளிகளைத் திறந்தார். 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்தார்.

இழப்பு நேர்ந்த வீட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். முதல் வாரம் ஆறுதல் சொல்ல ஆள் நிறைய இருக்கும். மூன்றாவது வாரம் யாரும் இருக்க மாட்டார்கள். அம்மா போய்விட்டால், மூத்த பெண் தம்பியைக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டுத்தான் கிளம்ப முடியும். முதல் மணி அடித்திருக்கும், வாசலிலேயே நிறுத்துவார்கள். நாலு நாள் அப்படி நின்றவள் ஐந்தாம் நாள் வரமாட்டாள். தேர்வு விண்ணப்பத்தில் "தந்தை அல்லது பாதுகாவலர் கையொப்பம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் யாரைப் போடச் சொல்வது என்று கேட்கக் கூச்சப்பட்டே விண்ணப்பத்தைப் பைக்குள் மடித்து வைத்துக்கொள்ளும் பிள்ளை உண்டு. கடைசித் தேதி அது பாட்டுக்குப் போய்விடும். இதில் உறுதி எங்கே குறைந்தது, சொல்லுங்கள்? தாமதமாக வந்தவளை உள்ளே விடும் ஒரு தலைமை ஆசிரியரும், அந்தக் கட்டத்தைப் பற்றித் தானாக விசாரிக்கும் ஒரு வகுப்பாசிரியரும் இருந்தால் அவள் முடித்திருப்பாள்.

உணர்ச்சியாகப் பேசுகிறேன் என்பார்கள். சரி, கணக்குக்கு வருகிறேன். மெக்சிகோவில் 1997-இல் ப்ரோக்ரெசா என்ற திட்டம் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை 85 விழுக்காடு நாட்கள் பள்ளிக்கு வந்தால் உதவித்தொகை தாயின் கையில் சேரும். வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும், இடைநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதல். முதலில் சில கிராமங்களுக்குக் கொடுத்து, மற்றவற்றைக் காத்திருக்க வைத்து ஒப்பிட்டார்கள். தொடக்கப் பள்ளி முடித்து இடைநிலைக்குப் போகும் கட்டத்தில், அதாவது வழக்கமாகப் பிள்ளைகள் நின்றுபோகும் அதே இடத்தில், சேர்க்கை நன்றாகக் கூடியது. பணம் வந்த ஊர்களுக்கு மட்டும் மன உறுதி லாரியில் வந்து இறங்கியதா, நடுவர் அவர்களே?

"உதவி கிடைத்தும் படிக்காதவன் இருக்கிறானே" என்றார் எதிரணிச் சகோதரி. இருக்கிறான். சில பேருக்கு உதவி வந்து சேரும்போது பெயரே வருகைப் பதிவேட்டில் இருக்காது. வேறு சிலருக்குப் பணம் கிடைத்திருக்கும், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்திருக்காது. அதையெல்லாம் சோம்பேறித்தனம் என்று ஒரே கணக்கில் எழுதுவது எங்களுக்குச் சம்மதமில்லை.

எதிரணி மேடைக்குக் கூட்டி வந்தது எல்லாம் முடித்தவர்களைத்தான். அதே வகுப்பில், அதே பெஞ்சில், அதே மாதிரி அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு பதினைந்து வயதில் மூட்டை தூக்கப் போனவனை அவர்கள் அழைத்து வரவில்லை. அவனும் விடியற்காலையில் எழுகிறான், முதுகு ஒடிய உழைக்கிறான், தங்கையைப் படிக்க வைக்கிறான். அவனிடம் நேரில் போய், "உனக்கு உறுதி போதவில்லை தம்பி" என்று சொல்ல எதிரணியில் யாராவது தயாரா? ஒருவர் எழுந்து நின்றாலும் தீர்ப்பை அவர்கள் பக்கமே எழுதிவிடுங்கள். நான் அமர்கிறேன்.