டைனோசருக்கும் அதே வினைமுற்றா?

நடுவர் அவர்களே, கனடாவில் வளர்கிற நம் பிள்ளைகள் பூர்வகுடிகளை அறிந்துகொள்ள நல்ல வழி வகுப்பறையா, சுற்றுலாவா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி, பஸ்ஸில் போய் மேளத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பொம்மை வாங்கிக்கொண்டு திரும்புவதெல்லாம் படிப்பா, மிருகக்காட்சிசாலை பார்க்கிற மாதிரிதானே என்று ஒரு போடு போட்டார். கைதட்டலும் வாங்கினார், சந்தோஷம்.

ஆனால் தம்பி, நீங்கள் மெச்சுகிற வகுப்பறையிலிருந்து என் மகள் எழுதி வந்த கட்டுரையைப் பாருங்கள். நீள்வீடுகளில், அதாவது பல குடும்பங்கள் சேர்ந்திருக்கிற நீளமான மரவீடுகளில் வாழ்ந்தார்கள், சோளம் பயிரிட்டார்கள். டைனோசருக்கும் அதே இறந்தகாலம், இவர்களுக்கும் அதேதான்!

அப்புறம் ஒன்டாரியோவில் மில்டன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற க்ராஃபர்ட் ஏரிக்கு அவள் வகுப்போடு நானும் துணைக்குப் போனேன். அந்த ஏரியின் அடித்தண்ணீர் மேல்தண்ணீரோடு கலப்பதே இல்லை, அதனால் வருஷத்துக்கு ஒரு படலமாக வண்டல் கலையாமல் படிந்து கிடக்கிறது; 1970களில் அதில் சோள மகரந்தம் அகப்பட, மகரந்தம் இருந்தால் வயல் இருந்திருக்கும், வயல் இருந்தால் ஊர் இருந்திருக்கும் என்று தேடி, ஐரோப்பியர் வருவதற்கு முந்தைய ஒரு கிராமத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது அங்கே நீள்வீடுகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். நுழைந்தால் இருட்டு, புகை வாசம், இரண்டு பக்கமும் நீளமாக மரத்திண்ணை. அந்தக் காலத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார், குலமும் தாய் வழியில்தான் என்று விளக்கியவரும் ஒரு பூர்வகுடிப் பெண். பையன்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதில் ஒருவன் கேட்டான்: "நீங்கள் ராத்திரி இங்கேயா படுப்பீர்கள்?" அவர் சிரித்துவிட்டார். "இல்லைப்பா, ஹாமில்டனில் அபார்ட்மென்ட். காலையில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு வந்தேன்."

இதைச் சொல்ல ஆள் நேரில் வேண்டும் நடுவர் அவர்களே.

அதுவும் தம்பி, வகுப்பறை வகுப்பறை என்கிறீர்களே, சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, சொந்த மொழியைப் பேசினால் தண்டித்தது எந்த இடம்? உறைவிடப் பள்ளிதானே, அதுவும் 1990கள் வரை. அந்தப் பள்ளிகளின் கொடுமையை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் 94 நடவடிக்கைகளைக் கேட்ட பிறகும், அந்த மக்களில் ஒருவர்கூட இல்லாத அறையில் உட்கார்ந்து அவர்களைப் பற்றிப் பரீட்சை எழுதினால் போதுமா?

சரி, காகித இறகுத் தொப்பியை மாட்டி அனுப்பிவைக்கிற சுற்றுலாவும் இருக்கிறது, அதை நானும் எதிர்க்கிறேன். அதற்காக மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?

திரும்பி வந்த ராத்திரி மகள் அந்தக் கட்டுரையை எடுத்துத் திருத்தினாள். எல்லாவற்றையும் அடிக்கவில்லை, பாதியைத்தான். கேட்டதற்கு, "அந்த வீடு அப்போ இருந்ததுதான் அப்பா, ஆட்கள் இப்பவும் இருக்காங்க" என்றாள்.