காதோர நரைக்குள் ஒளிந்திருந்த வில்லன்

வணக்கம் மக்களே. காதோரம் நரைத்தால் என்ன செய்வோம்? டை அடிப்போம். இல்லையென்றால் இதுவும் ஒரு அழகுதான் என்று மனதைத் தேற்றிக்கொள்வோம். ஜெஃப் ஜான்ஸ் என்ற எழுத்தாளர் ஒரு ஹீரோவின் காதோர நரையைப் பார்த்துவிட்டு, அதற்குள்ளிருந்து ஒரு வில்லனை வெளியே இழுத்துப் போட்டார். அந்தக் கதைதான் இன்றைக்கு. ‘கிரீன் லான்டர்ன்: ரீபர்த்’. கிரீன் லான்டர்ன் என்றால், பச்சை ஒளி மோதிரம் போட்டுப் பிரபஞ்சத்தைக் காவல் காக்கும் படையில் ஒருவர். டிசி காமிக்ஸ் நிறுவனம் 2004 கடைசியில் தொடங்கி 2005-இல் முடித்த ஆறு இதழ்கள், ஒரே தொகுப்பாக. ஓவியம் ஈதன் வான் ஸ்கைவர்.

முடிவு வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் வீடியோவை நிறுத்திவிட்டு, படித்துவிட்டு வாருங்கள். நான் எங்கும் போகமாட்டேன். இத்தனை வருடம் ஆன கதைக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கையா என்று சிரிப்பவர்களுக்கு: நேற்று காமிக்ஸ் பக்கம் வந்தவருக்கு இது நேற்றைய கதைதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கைல் ரேனர் ஆள். எனக்கு அறிமுகமான முதல் கிரீன் லான்டர்ன் அவர்தான். அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த, இந்தக் கதையின் நாயகன் ஹால் ஜோர்டன் திரும்பி வருகிறார் என்றால் என் ஆள் ஓரமாகப் போகப்போகிறார் என்று அர்த்தம். அந்தக் கடுப்போடுதான் இந்தப் புத்தகத்தைத் திறந்தேன்.

சரி, ஹால் எங்கே போயிருந்தார்? 1959-இல் வந்த பாத்திரம். சோதனை விமானி. சாகக் கிடக்கும் வேற்றுக்கிரகவாசி அபின் சுர் அவர் கையில் ஒரு மோதிரத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுகிறார். மனதில் நினைப்பதைப் பச்சை ஒளியில் வார்த்துக் கொடுக்கும் மோதிரம். பயமே இல்லாதவனைத்தான் அது தேர்ந்தெடுக்கும் என்பது கணக்கு. முப்பது வருடத்துக்கு மேல் ஆள் தங்கம். 1993-இல் சூப்பர்மேன் கதை ஒன்றில் ஹாலின் ஊரான கோஸ்ட் சிட்டியைத் தரைமட்டமாக்கினார்கள். 70 லட்சம் பேர் காலி. ஹால் வந்து பார்க்கும்போது வெறும் பள்ளம்தான் மிச்சம்.

அடுத்த வருடம், அவருடைய சொந்த இதழில், 48, 49, 50 என்று மூன்றே இதழ்களில் மனிதரை அடியோடு கவிழ்த்தார்கள். மோதிரத்தை வைத்து ஊரை மறுபடி உருவாக்கப் பார்க்கிறார், மேலிடத்தில் இருக்கும் கார்டியன்கள் கூடாது என்கிறார்கள், அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிடுகிறது. வழியில் தடுத்த சக லான்டர்ன்களை அடித்து மோதிரங்களைப் பிடுங்குகிறார். கூடப் பழகிய கிலோவாகைக் கொல்கிறார். பரம எதிரி சினெஸ்ட்ரோவின் கழுத்தை முறிக்கிறார். எல்லா மோதிரங்களுக்கும் சக்தி கொடுக்கும் தாய் பேட்டரியின் சக்தி மொத்தத்தையும் உறிஞ்சிக்கொண்டு, ‘பாரலாக்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொள்கிறார். காலியான நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்தான் என் கைல்.

அப்புறம் 1996-இல் அணையப்போன சூரியனைப் பற்றவைத்து ஹால் உயிரை விட்டார். 1999-இல் ஸ்பெக்டர் என்ற, பாவிகளைத் தண்டிக்கும் ஆவியாக ஒட்டவைத்தார்கள். பழைய ரசிகர்களுக்கு இது எதுவும் செரிக்கவில்லை. பத்து வருடம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது எழுத்தாளர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். செத்தவரை எழுப்புவது ஒரு பிரச்சினையே இல்லை, இந்த உலகத்தில் சாவு என்பது நீண்ட விடுப்பு மாதிரி. தடை வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டாளிகளைக் கொன்றவர் திரும்பி வந்து சிரித்தால், எந்த முகத்தோடு அவரை ஹீரோ என்று கூப்பிடுவது?

ஜான்ஸ் என்ன செய்தார் என்றால், பாரலாக்ஸ் என்ற பெயரை ஹாலிடமிருந்து கழற்றிவிட்டார். அது ஹாலின் புனைபெயர் இல்லை, அது ஒரு தனி ஜந்து. பூச்சிக்கும் டிராகனுக்கும் பிறந்தது போல ஒரு உருவம், மஞ்சள் நிறம். பயமே உருவெடுத்து வந்த ஆதிகால ஒட்டுண்ணி. கார்டியன்கள் அதைப் பிடித்து, வெளியே யாருக்கும் சொல்லாமல், தாய் பேட்டரிக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். அது அங்கிருந்து மெல்லக் கசிந்து, துக்கத்தில் இருந்த ஹாலுக்குள் இறங்கிவிட்டது. வில்லன் புதிது, பெயர் மட்டும் பழையது. சும்மா சொல்லக்கூடாது, துணிச்சலான வேலை.

இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் இந்தப் புத்தகத்தின் உயிரே இதுதான். கிரீன் லான்டர்ன் மோதிரத்துக்கு ஒரு பழைய குறை உண்டு. மஞ்சள் நிறப் பொருள் மேல் அது வேலை செய்யாது. பிரபஞ்சத்தையே காவல் காக்கும் ஆயுதத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்த கதவு போதும் தடையாக! பேட்டரியில் ஏதோ மஞ்சள் கலப்படம் என்று பழைய கதைகளில் ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தார்கள். ஜான்ஸ் கேட்கிறார்: சரி, அந்தக் கலப்படம் யார்? பேட்டரிக்குள் அடைபட்டுக் கிடந்த பாரலாக்ஸ்தான். பச்சை மன உறுதி, மஞ்சள் பயம். பயத்தை உணர்ந்து அதைத் தாண்டத் தெரிந்தவனுக்கு மஞ்சள் தடை இல்லை.

அப்படியானால் கைலின் மோதிரம் மட்டும் முதலிலிருந்தே மஞ்சளோடு மல்லுக்கட்டவில்லையே, ஏன்? அவர் மோதிரம் வாங்கும்போது அந்த ஜந்து பேட்டரியில் இல்லை, ஹாலுக்குள் இருந்தது. கடைசியாக அந்த நரை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹாலுக்குக் காதோரம் நரை வைத்து வரைந்தார்கள். வயதாகிறது என்று காட்டத்தான், வேறு பெரிய காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஜான்ஸ் அதையும் விடவில்லை: ஜந்து உள்ளே வந்ததற்கான முதல் அறிகுறியே அந்த நரைதான். யார் யாரோ வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்துக்காகச் செய்துவைத்தவை இவை. எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்துவிட்டார். முதல் முறை படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு, அடப்பாவி என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஆனால் மக்களே, அடுத்த நாள் காலையிலேயே உறுத்தத் தொடங்கியது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதானே இது? கொன்றது ஹாலின் கை. குற்றம் மட்டும் பூச்சியின் தலையில். ஊரே செத்துப்போன துக்கத்தில் ஒரு நல்ல மனிதன் உடைந்துபோனான் என்பது, பிடிக்கிறதோ இல்லையோ, மனிதர்களுக்கு நடக்கும் விஷயம். அதை எடுத்துவிட்டுப் பேய் பிடித்திருந்தது, ஓட்டிவிட்டோம் என்றால் கதை லேசாகிவிடுகிறது. பயமில்லாதவன் என்று பெயர் வாங்கியவனுக்குள் அந்தப் பயம் எப்படி நுழைந்தது என்ற கேள்வியை ஜான்ஸ் தொடுகிறார். ஊரை இழந்தபோது முதல்முறையாக ஹாலுக்குள் ஒரு விரிசல் விழுந்தது, அதன் வழியாகத்தான் அது முழுதாகப் புகுந்தது என்கிறார். அந்த விரிசலில் இன்னும் பத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அடுத்த சண்டைக்கு ஓடிவிடுகிறார். புத்தகத்தின் மேல் எனக்கிருக்கும் பெரிய குறை இதுதான்.

ஓவியத்துக்கு வருவோம். இந்தப் பக்கத்தைக் கேமராவில் காட்டுகிறேன்... தாள் பளபளப்பு, வெளிச்சம் திருப்பி அடிக்கிறது, கொஞ்சம் சாய்க்கிறேன். ம், தெரிகிறதா? பொதுவாகப் பச்சை ஒளி என்றால் யார் கையிலிருந்து வந்தாலும் ஒரே மாதிரி வரைந்துவிடுவார்கள். வான் ஸ்கைவர் ஆளுக்கொரு கையெழுத்து கொடுத்திருக்கிறார். இன்னொரு லான்டர்ன் ஜான் ஸ்டூவர்ட் கட்டடக் கலைஞர், அதனால் அவர் உருவாக்கும் பொருளுக்கு உள்கட்டுமானமே இருக்கும், நட்டு போல்ட்டு உட்பட. கைல் ஓவியர், அவர் செய்வதெல்லாம் வரைந்து பார்த்த படம் போல அலங்காரமாக வரும். கை கார்ட்னர் என்று இன்னொரு லான்டர்ன், அவர் மோதிரம் சும்மா இருக்கும்போதே பொறி தெறிக்கும், மனிதரின் குணமும் அதுதான். பெயரே கை. வாய் பேசுவதற்கு முன் அதுதான் பேசும். வண்ணம் மூஸ் பாமன், பச்சைக்குள் இத்தனை பச்சை வைத்ததற்கு அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

சினெஸ்ட்ரோவும் திரும்பி வருகிறார். கழுத்து முறிந்ததே? அது நிஜ சினெஸ்ட்ரோ இல்லையாம், ஒளியில் செய்த போலியாம். இதைக் கேட்டதும் எனக்குக் கொட்டாவிதான் வந்தது. ஆனால் அவர் வந்து நிற்கும் விதத்துக்கு மன்னித்துவிட்டேன். அவரை எதிர்க்க, ஹாலின் நண்பர் கிரீன் ஆரோ மோதிரத்தைப் போட்டுக்கொள்வார் பாருங்கள், ஒரே ஒரு பச்சை அம்பை எய்வதற்குள் மனிதர் சக்கையாகிவிடுகிறார். ஹால் தினமும் செய்த வேலை எவ்வளவு கனம் என்று வசனம் வைத்து விளக்காமல், அந்த வேர்த்த முகத்திலேயே காட்டிவிட்டார்கள்.

அப்புறம் அந்தக் குத்து. பேட்மேன் தொடக்கத்திலிருந்தே ஹாலை நம்புவதில்லை. அவர் பிழைப்பே அடுத்தவர் பயத்தில் நடக்கிறது, பயப்படாத ஆள் அவருக்கு எப்போதும் உறுத்தல். உயிரோடு எழுந்த ஹால், வழியில் நின்று அதிகாரம் செய்யும் பேட்மேன் முகத்தில் ஒன்று விடுகிறார். பக்கத்தில் நிற்கும் கை கார்ட்னர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு, ஒரே குத்து என்கிறார். இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு: 1987-இல், டிசி ஹீரோக்கள் அணியாக வரும் ‘ஜஸ்டிஸ் லீக்’ தொடரின் ஐந்தாம் இதழில் பேட்மேன் இதே கை கார்ட்னரை ஒரே குத்தில் சாய்த்திருப்பார். பதினேழு வருடக் கடன், வட்டியோடு அடைந்தது.

பலவீனம் இல்லாமல் இல்லை. நடுவில் ஒரு நீண்ட விளக்கப் படலம் வருகிறது. ஜந்து யார், எப்போது, எப்படி என்று ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கிறார்கள், வகுப்பில் உட்கார்ந்த மாதிரி. பழைய கதை தெரியாதவர்கள் அங்கே தூங்கிவிடலாம். ஜான் ஸ்டூவர்ட்டுக்குக் கிடைத்த இடமும் போதவே போதாது.

என் கைலுக்கு என்ன ஆனது? அதைத்தான் கேட்கப்போகிறீர்கள். கதை தொடங்குவதே அவரில்தான். ஹாலின் சவப்பெட்டியோடு பூமிக்கு வந்து விழுகிறார். எல்லாரும் பயத்தில் தடுமாறும்போது பயத்தை ஏற்கனவே பார்த்துப் பழகியவர் என்பதால் அவர்தான் நிதானமாக நிற்கிறார். ஓரங்கட்டுவார்கள் என்று வந்த எனக்கு அது போதும். கடைசியில் எல்லா லான்டர்ன்களும் சேர்ந்து பாரலாக்ஸைப் பிடிக்கும் பக்கத்திலும் அவர் இருக்கிறார், ஹாலுக்குப் பின்னால் இல்லை, பக்கத்தில்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் 1994-இன் அந்த மூன்று இதழ்களைப் படியுங்கள், அப்புறம் இதை எடுங்கள். இதற்கடுத்து 2007-இல் சினெஸ்ட்ரோ தனக்கென்று ஒரு மஞ்சள் படையே திரட்டுகிறார், அங்கே பாரலாக்ஸ் யாருக்குள் புகுகிறது தெரியுமா? என் வயிற்றெரிச்சலை அடுத்த வீடியோவில் கொட்டுகிறேன். கேமராவில் சிவப்பு விளக்கு மின்னுகிறது, சார்ஜ் போடப் போகிறேன்.