சேமக்காலைத் திறப்பு

வணக்கம், அன்பான நேயர்களே. உண்மையாக விசுவசிக்கிறவன் கோவிலோடு இருக்கவேண்டுமா, விலகிப்போகலாமா என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் குருவானவர் அல்ல. கிளிநொச்சிப் பக்கத்துப் பங்கொன்றின் பங்குச்சபைக்காரன்.

என் சிநேகிதன் ஒருவன் 2009இல், போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில், தறப்பாளுக்குள் அயலவரைக் கூட்டி ஜெபிக்கத் தொடங்கினான். மீள்குடியேறிய பிறகும் கோவிலுக்கு வரவில்லை. கேட்டால், "நீங்கள் கும்பிடுகிறதைவிட, பெருநாள் உபயம் ஆருக்கு என்று அடிபடுகிறதுதான் கூட" என்பான். பொய்யென்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்போஸ்தலர் காலத்தில் வீடுகளில்தானே அப்பம் பிட்டார்கள் என்றும் கேட்பான். சரிதான். ஆனால் அப்போஸ்தலர் பணி 2:46ஐ முழுதாக வாசியுங்கள். அதே ஆட்கள் நாள்தோறும் எருசலேம் தேவாலயத்துக்கும் போனார்கள். அதுவும் தங்கள் ஆண்டவரைப் பிடித்துக்கொடுத்த தலைமைக் குருக்களின் தேவாலயத்துக்கு!

எங்கள் மண்ணையே பாருங்கள். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. 1670இல் மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு சனம் மடுக் காட்டுக்குள் ஓடியது. 1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து பிச்சைக்காரக் கோலத்தில் வந்திறங்கும்வரை, ஏறக்குறைய 30 வருஷம், குரு இல்லாமலே பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தார்கள். குரு இல்லாமலும் விசுவாசம் நிற்கும், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் தனித்தனியாக நிற்கவில்லை. அடிகளார் வந்ததும் ஒளித்து வைத்துக் காப்பாற்றியதும் அதே சனம்தான். அதனால்தான் நான் விலகவில்லை. இருந்துகொண்டே சண்டை பிடிக்கிறேன்.

எல்லா நேரமும் பிடித்தேனா? சிநேகிதனின் அம்மா செத்த அன்று இல்லை. மனுசி கோவிலை விட்டவர் அல்ல, பாயில் விழுந்தவர். ஐந்து வருஷச் சந்தா நிலுவை, மகனும் வேறு சபை, சேமக்காலையில் இடமில்லை என்று எங்கள் கூட்டம் இரண்டு மணித்தியாலம் இழுத்தது. வீட்டில் பிரேதம், கையில் சுற்றிய செபமாலையோடு. சேமக்காலைப் படலையின் திறப்பு என் சட்டைப் பையில். நான் பேசாமல் இருந்தேன்.

பின்னேரம் ஒருமாதிரி ஒத்துக்கொண்டார்கள். போய்ப் பூட்டைத் திறந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை இறக்க ஒரு மூலைக்கு ஆள் குறைந்தது. அப்போதுதான் திரும்பி, "பிடியடா" என்றான்.