நம்மைக் கேட்காமலே தோண்டலாமா?

கன்னியாகுமரி மாவட்டக் கடலோர மக்களே, மணலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. மணவாளக்குறிச்சி கறுப்பு மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் கண்டுபிடித்தார். அதற்குள் அணு எரிபொருளுக்கு உதவும் தோரியம் இருக்கிறது, அதனால்தான் இத்தனை பேருக்கு அதன் மேல் கண். நான் இன்றைக்குப் பேச வந்தது கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பற்றி.

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை என்ன சொல்கிறது? பெரிய சுரங்கம் வருகிறதென்றால் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னாடி பத்திரிகையில் அறிவிக்க வேண்டும், கலெக்டரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும், நாம் பேசுவதை முழுக்க வீடியோ எடுக்க வேண்டும், கடைசியில் எழுதிய குறிப்பை அங்கேயே தமிழில் படித்துக் காட்ட வேண்டும். மீன் விற்கிற அம்மாவும் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம், அது பதிவாகும். சட்டத்தில் நம் குரலுக்கென்று இருக்கும் பெரிய வாசல் அதுதான்.

கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பக்கம் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1 அன்று பத்மநாபபுரத்தில் அந்தக் கூட்டம் நடக்க இருந்தது. நம் ஊர்களின் எதிர்ப்பால் நடக்கவில்லை. சரி, அப்புறம் என்ன ஆனது? 2025 செப்டம்பர் 8 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டு, நம் மோனசைட் மாதிரியான அணுக் கனிமங்களின் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று சொல்லிவிட்டது. நாடாளுமன்றத்தில் விவாதம் கிடையாது, ஒரே ஒரு குறிப்பாணை! எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடலிலும் இதே கதைதான், அங்கே முன்னாடியே முடித்துவிட்டார்கள். 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளை பி2 பிரிவுக்கு மாற்றினார்கள், அதாவது தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம், கருத்துக்கேட்பும் வேண்டாம். நமக்குத் தெற்கே ஆழ்கடலில் மூன்று வட்டாரங்கள், மொத்தம் 27,154 சதுர கிலோமீட்டர், எண்ணெய் தேடக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. நம் மாவட்டத்தைப் போல பதினாறு மடங்கு! ஆய்வு என்றால் சும்மா பார்த்துவிட்டுப் போவதில்லை, அதிலும் கடலடியில் கிணறு தோண்டுவார்கள். நம் தூத்தூர் மீனவர்கள் எத்தனை நாள் ஆழ்கடலிலேயே தங்கல் போட்டு மீன் பிடிக்கிறார்கள் என்று தெரியாத ஆளா இதை முடிவு செய்வது?

ஆனால் எண்ணெய் உற்பத்தி என்ற கட்டம் வந்தால் அறிக்கையும் கருத்துக்கேட்பும் இன்னும் சட்டத்தில் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. அனுமதி கொடுத்துவிட்டால் 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு போகலாம், தகுந்த காரணம் சொன்னால் இன்னும் 60 நாள் கிடைக்கும், அதுக்கு மேல் கிடையாது. அதனால் ஊருக்கு இரண்டு பிள்ளைகளாவது சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் வரும் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தை வாரம் ஒருமுறை திறந்து நம் மாவட்டத்தின் பெயரைத் தேடுங்கள். இன்று இரவே யார் அந்த இரண்டு பேர் என்று முடிவு செய்துவிட்டுக் கலைவோம்.