சராசரி ஆயுள் 70னா, 68 வயசு அப்பாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தானா?

அடுத்த கேள்வி. "இந்தியாவுல சராசரி ஆயுள் 70ன்னு சொல்றாங்க. எங்கப்பாவுக்கு 68. அப்போ இன்னும் ரெண்டு வருஷம்தானா? ஜப்பான்ல மட்டும் எப்படி 84?" பயந்துபோய் கேட்டிருக்காருன்னு தெரியுது. முதல்ல அதுக்குப் பதில்: இல்லைங்க, ரெண்டு வருஷம் இல்ல.

அந்த 70, பிறக்கிற குழந்தைக்கான கணக்கு. ஒரு வயசுக்குள்ள தவறிப்போற குழந்தை, இருபது வயசுல பைக் விபத்துல போற பையன், எல்லாரையும் சேர்த்துப் போட்ட சராசரி. ஒருத்தர் பிறந்த உடனே இறந்து, இன்னொருத்தர் 80 வரைக்கும் இருந்தா சராசரி 40. ஆனா 40 வயசுல யாருமே சாகலையே!

உங்கப்பா அந்தக் கண்டமெல்லாம் தாண்டி வந்தவர். அவருக்குப் பார்க்க வேண்டியது எஞ்சிய ஆயுள். ஆயுள் அட்டவணையில ஒரு லட்சம் பேர் பிறந்ததா வச்சுக்குவாங்க. அதுல 60 வயசைத் தொட்டவங்க எல்லாரும் அதுக்கப்புறம் வாழ்ந்த வருஷங்களைக் கூட்டி, அந்த ஆட்களோட எண்ணிக்கையால வகுப்பாங்க. இந்தியாவுக்குச் சுமார் 18 வருது. அதாவது 78 வயசு. 70ஐத் தொட்டவருக்கே இன்னும் 10 வருஷத்துக்கு மேல இருக்கு.

ஜப்பான்ல 60 வயசுக்காரருக்கு 26 பக்கம் வருது. பிறப்புல 14 வருஷமா இருந்த இடைவெளி இங்க எட்டாச் சுருங்கிடுது. பெரியவங்களை ஒப்பிடணும்னா இந்த எட்டைத்தான் பேசணும்.

இது ஜப்பான்காரங்க பிறவி வரம்னு நினைக்காதீங்க. 1951லேர்ந்து 1980 வரைக்கும் அங்க அதிகம் பேரைக் கொன்னது பக்கவாதம். வடக்க அகிடா பக்கம், பனிக்காலத்துக்குக் காய்கறியை உப்புல ஊறப்போட்டு வச்சுத் தின்னு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 கிராமுக்கு மேல உப்பு உள்ள போச்சு. அப்புறம் ஊர் ஊராப் போய் ரத்த அழுத்தம் பார்த்தாங்க, உப்பைக் குறைக்க வச்சாங்க, மாத்திரை கொடுத்தாங்க. 1961ல எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு வந்துச்சு. பக்கவாதச் சாவு மளமளன்னு இறங்கிச்சு.

பணம் இருந்தா மட்டும் போதாது. டென்மார்க்ல வைத்தியம் அரசாங்கச் செலவு. ஆனாலும் 1970களோட கடைசியிலேர்ந்து 90களோட நடுப்பகுதி வரைக்கும் பெண்களோட ஆயுள் ஏறவே இல்ல. ரெண்டு உலகப்போருக்கும் நடுவுல பிறந்த பெண்கள் நிறைய சிகரெட் பிடிச்ச தலைமுறை. இளமையில பிடிச்சது வயசான காலத்துல வந்து நின்னுச்சு.

உங்கப்பாவுக்கு பிபி பாருங்க. அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உட்கார வச்சு, கையை நெஞ்சு மட்டத்துல வச்சு, ரெண்டு தடவை. 140/90க்கு மேலயே நின்னா டாக்டர்கிட்ட போங்க. முக்கியமா, "பிபி நார்மலாயிடுச்சு"ன்னு அவரா மாத்திரையை நிறுத்திட விட்டுடாதீங்க. அது நார்மலா இருக்கிறதே அந்த மாத்திரையாலதான்.