நாய்க்குட்டி வந்ததுல இருந்து ஆமை சரியா சாப்பிடல, என்ன பண்ணலாம்?

அடுத்த கேள்வி, கோயம்புத்தூர்ல இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. படிச்சிடறேன். "டாக்டர், எங்க வீட்ல நாலு வயசு சல்காட்டா ஆமை இருக்கு. போன மாசம் லேப்ரடார் குட்டி ஒண்ணு வாங்கினோம். அது எப்பப் பாத்தாலும் ஆமையை நக்குது, காலால தட்டுது, ஓட்டைக் கடிச்சுப் பாக்குது. மொதல்ல ஆமை சீறிட்டே இருந்துச்சு. இப்ப சீறுறதில்ல, சரி பழகிடுச்சுன்னு நெனச்சோம். ஆனா மூலையிலயே கெடக்கு, சாப்பாடும் கொறஞ்சு போச்சு. பழையபடி ஆகுமா? ரெண்டையும் ஒண்ணா விடலாமா?"

பழையபடி ஆகும்மா, பயப்படாதீங்க. ஆனா அது பழகல. ஆமை தலையையும் காலையும் சடக்குன்னு உள்ள இழுக்குது பாருங்க, அப்ப நுரையீரல்ல இருக்கற காத்துக்கு எடம் பத்தாம வெளிய வந்துடும். நீங்க சீறல்னு சொல்றது அந்தச் சத்தம்தான். இப்ப சத்தம் இல்லைன்னா, அது தலையை வெளியவே நீட்டறதில்லைன்னுதான் நான் எடுத்துப்பேன். பயந்த ஆமை ஓடாது, கத்தாது, கல்லு மாதிரி கெடக்கும். நாம அதைப் பாத்துட்டு சாதுவா இருக்குன்னு சொல்லிக்கிறோம்.

அதனால இன்னைக்கே பிரிச்சிடுங்க. பிரிக்கறதுன்னா நடுவுல கம்பி வலை வைக்கறது இல்ல. வலை வழியா நாய் தெரியும், அது மூக்கை வெச்சு மோந்துட்டே நிக்கும். கண்ணாடித் தடுப்பும் வேண்டாம், ஆமை அதை முட்டி முட்டியே ஓஞ்சு போயிடும். கதவு சாத்துற ஒரு அறை, இல்லைன்னா பிளைவுட்ல மறைப்பு. உள்ள ஒரு மரப்பெட்டியைக் கவுத்து, நுழைய வழி வெட்டி வையுங்க. இருட்டா, முதுகு உரசற அளவுக்கு எடம் இருந்தாப் போதும்.

அடுத்தது சூடு. சாப்பாட்டை விட இதுதான் முக்கியம். ஆமைக்கு ஒடம்பு தானா சூடாகாது. சூடு இல்லாம செரிமானம் நடக்காது, பசியும் எடுக்காது. உங்க ஊர்ல மார்கழிக் குளிர்ல தரையில விட்டா கேக்கவே வேணாம். காலை வெயில்ல விடுங்க, பக்கத்துலயே நிழலும் இருக்கணும். வீட்டுக்குள்ளன்னா பல்புக்குக் கீழ 35, 38 டிகிரி வரணும், இன்னொரு பக்கம் 27, 28 போதும். வெயில் கிடைக்காத வீடுன்னா யுவிபி விளக்கும் வேணும், அதாவது வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிரைத் தர்ற விளக்கு. வெதுவெதுப்பான தண்ணியைத் தட்டையான டப்புல, தாடைக்கு மேல போகாம ஊத்தி, கால் மணி நேரம் ஒக்கார வையுங்க. மத்த நேரத்துல பாவம்னு தூக்கித் தூக்கிப் பாக்காதீங்க. பயத்துல சிறுநீர் போயிடும், அது ஒடம்புல சேத்து வெச்சிருக்கற தண்ணி.

சாப்பிடலையேன்னு வாழைப்பழம், தக்காளின்னு ஆசை காட்ட வேண்டாம். சல்காட்டா ஆப்பிரிக்காவுல சகாரா ஓரத்துல புல் மேயற ஆமை. அருகம்புல், செம்பருத்தி இலை, பூ, முள் எடுத்த சப்பாத்திக்கள்ளி, அவ்வளவுதான். வாரா வாரம் சமையலறைத் தராசுல எடை போட்டு எழுதி வையுங்க. எடை எறங்கிட்டே வந்தாலோ, ஒரு வாரம் ஒண்ணுமே தொடலைன்னாலோ, மூக்குல குமிழ் வந்தாலோ டாக்டர்கிட்ட போயிடணும்.

கடிச்சுதுன்னு சொன்னீங்க. ஓடு உயிருள்ள எலும்பு, மேல நகம் மாதிரி ஒரு பூச்சு, உள்ள ரத்தமும் நரம்பும் ஓடுது. விரிசல், ரத்தம், ஈரம் எது தெரிஞ்சாலும் அன்னைக்கே காட்டணும், நாய் எச்சில்ல இருக்கற கிருமி உள்ள போயிடும். பசை போட்டு ஒட்டறது, மஞ்சள் அப்பறது ரெண்டும் வேண்டாம்.

ஒண்ணா விடலாமான்னா, என் பதில் கூடாதுதான். நல்ல நாய், வருஷக்கணக்கா ஒண்ணும் பண்ணலன்னு சொல்ற வீட்ல இருந்தே கடிபட்ட ஆமை வருது. நாய்க்கு ஆமை கடிக்க ஒரு பொருள், அவ்வளவுதான். இன்னொண்ணு, ஆமைச் சாணத்துல சால்மோனெல்லாங்கற வயித்துப்போக்குக் கிருமி இருக்கலாம். குட்டி அதைத் தின்னும், அப்புறம் வந்து உங்க கொழந்தை மூஞ்சிய நக்கும். ஆமையைத் தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவுங்க.

இதைப் பாக்கற மத்தவங்களுக்கு ஒண்ணு. உங்ககிட்ட இருக்கறது நட்சத்திர ஆமைன்னா, அதை வீட்ல வளர்க்கறதே சட்டப்படி தப்பு, வனத்துறைக்குச் சொல்லிடுங்க. சல்காட்டாவுக்கும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணணும்.

சகோதரி, ஓட்டை ஈரத்துணியால தொடச்சிட்டு, மேல் ஓடு, அடி ஓடு ரெண்டையும் பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்புங்க, கூடவே எடையும். பாத்துட்டுச் சொல்றேன்.